ஐந்நூறு பேர் அண்டாவில் விண்டோஸ்

வேலங்குறிச்சியில் புத்திசாலிகளே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. இருந்தார்கள். ஊருக்குப் பஸ் வர ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக ஏறிப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் முதல் வரிசையில் வைக்கத் தக்கவர்கள், மேலவீதியில் வாடகைப் பாத்திரக்கடை நடத்தும் அண்ணன் தம்பிகள் மூவர்.

மூத்தவர் தாண்டவராயன். அடுத்தவர் ஏகாம்பரம். கடைசி, மார்க்கசகாயம், பெயர் நீளம் என்பதால் சகாயம். இவர்களுடைய அப்பா சாகும்போது மூவரையும் பக்கத்தில் கூப்பிட்டு, "எதைச் செஞ்சாலும் மூணு பேரும் சேர்ந்தே செய்யுங்கடா, எதுவா இருந்தாலும் சமமாப் பிரிச்சுக்குங்கடா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். சாகிற அப்பாக்கள் எல்லோரும் சொல்கிறதுதான். கேட்கிற பிள்ளைகள் கேட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போவார்கள். இவர்கள் கேட்டுவிட்டு அப்படியே செய்தார்கள்.

கடை ஷட்டரை மூவரும் சேர்ந்துதான் தூக்குவார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையை மூன்றாக உடைத்து மூவரும் விழுங்குவார்கள். காய்ச்சல் வந்தவருக்குக் காய்ச்சல் போகாது; மற்ற இருவருக்கும் வரவே இல்லை என்பதால் மருந்து வேலை செய்கிறது என்று முடிவு. கருத்து வேறுபாடு வந்தால் ஓட்டெடுப்பு. மூன்று பேர் என்பதால் இழுபறி கிடையாது. எந்த விஷயமானாலும் குறைந்தது இரண்டு முட்டாள்கள் ஒரு பக்கம் நின்றார்கள்.

மூவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் வராமல் இல்லை. வந்து அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவார்கள். அந்த அரைமணி நேரமே போதுமானதாக இருந்தது.

அந்த வீட்டில் கடைசியாகப் பிறந்தவள் திலகவதி. முப்பத்து நான்கு வயது. ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறாள். அவளுக்கு மட்டும் எப்படி மூளை வந்தது என்று ஊரில் பேசிக்கொள்வது உண்டு. அண்ணன்கள் மூவருக்கும் ஒதுக்கியது செலவாகாமல் கிடந்து, மொத்தமாக அவளுக்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவுக்கு ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. திலகவதி விண்ணப்பித்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு நேர்காணல் என்று பதில் வந்தது. கம்ப்யூட்டர் வழியாகவே நேர்காணல். பேசிக்கொண்டே கணக்கும் போட்டுக் காட்ட வேண்டும், போனில் முடியாது. இந்த வேலை கிடைத்தால் அவள் தன் வாழ்க்கையைத் தானே பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் மாத்திரையை நான்காக உடைக்கிற நாள் வந்துவிடும். ஒருமுறை அதைப் பற்றிப் பேச்சே எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் பழையது. அதிலிருந்த விண்டோஸ் எழுந்து உட்காருவதற்குள் ஒரு பானைச் சோறு வெந்துவிடும். அதை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் பழைய பெட்டியும் சுறுசுறுப்பாக ஓடும் என்று திலகவதி படித்துத் தெரிந்துகொண்டாள். லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, பெட்டியின் பக்கவாட்டில் செருகி, அடுத்த முறை முடுக்கினால் அதிலிருந்தே கிளம்புகிற மாதிரி எல்லாம் செய்து வைத்தாள். தன் ஃபைல்களை வேறு இடத்துக்கு மாற்றுவது மட்டும் பாக்கி. அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தோழி வீட்டுக் காதுகுத்து. போகாமல் இருக்க முடியாது. சனிக்கிழமை போய் ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுவாள்.

கிளம்பும்போது அண்ணன்கள் கேட்டார்கள் என்பதற்காக விவரம் சொன்னாள். அது அவள் செய்த ஒரே தவறு. பழசை எடுத்துவிட்டுப் புதுசு போடணும், அதுக்கு முன்னால உள்ளே இருக்கிறதை வேற எடத்துக்கு மாத்தணும், நான் வந்து பார்த்துக்கிறேன் என்றாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே திரும்பி, "நான் வர்ற வரைக்கும் யாரும் அதுல கை வைக்காதீங்க" என்றாள்.

மூவரும் தலையாட்டினார்கள். ஒரே நேரத்தில்.

அவள் தெருமுனை திரும்பியதும் கூட்டம் கூடியது. தங்கை பாவம், பஸ்ஸில் அலுத்து வருவாள், வந்ததும் இந்த வேலையா என்று சகாயம் ஆரம்பித்தார். நாமே செய்து வைத்துவிட்டால் திங்கட்கிழமை நிம்மதியாக உட்காருவாள் என்றார் ஏகாம்பரம். கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாளே என்ற கேள்வி எழுந்தது. தாண்டவராயன் பாத்திரக்கடைக்காரர் மாதிரியே யோசித்தார்.

"கொதிக்கிற குண்டானை இறக்குறப்ப நாம கை வைக்கிறமா?"

"இல்லையே, பிடிதுணியில்ல வைக்கிறோம்."

"கிண்டுறப்ப?"

"கரண்டி."

"அப்புறம் என்ன. கடையில கரண்டிக்கா பஞ்சம்?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பாத்திர வாடகைத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்த பாத்திரத்தை அப்படியே அடுத்த வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. முதலில் உள்ளே இருப்பதை வேறு பாத்திரத்தில் கொட்ட வேண்டும். பிறகு கழுவ வேண்டும். பிறகு கவிழ்த்து வைக்க வேண்டும். முப்பது வருஷமாக மூவரும் பிழையில்லாமல் செய்கிற காரியம் இது ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கும் இதே முறைதான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. தங்கையும் அப்படித்தானே சொல்லிவிட்டுப் போனாள்.

கொட்டுவதற்கு எவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டும் என்பதில்தான் சிக்கல். பெட்டியின் முதுகில் 500 ஜிபி என்று ஒட்டியிருந்தது. ஒரு ஜிபிக்கு எத்தனை படி என்று மூவருக்கும் தெரியவில்லை. ஏகாம்பரம் ஒரு தூக்குவாளி போதும் என்றார். சகாயம் குறுக்கே விழுந்து, அப்படிச் சொல்லித்தான் போன தையில் ஒரு வீட்டுப் பாயசம் தரையில் ஓடியது என்று நினைவுபடுத்தினார். கடைசியில் தாண்டவராயன் தீர்ப்புச் சொன்னார். ஐந்நூறு என்று போட்டிருக்கிறது. நம்மிடம் ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற அண்டா இருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார்.

அண்டா வந்தது. கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஒயர்களைத் தோசைத்திருப்பியால் நெம்பிக் கழற்றினார்கள். பிடிதுணி போட்டு மூவரும் பெட்டியைத் தூக்கி, அண்டாவின் மேல் தலைகீழாகப் பிடித்தார்கள்.

ஒன்றும் விழவில்லை.

அடிப்பிடித்திருக்கும் என்றார் ஏகாம்பரம். பழைய விண்டோஸ், எத்தனை வருஷமாகச் சூடாகிக்கொண்டிருக்கிறது. சகாயம் ஜல்லிக்கரண்டியால் பெட்டியின் முதுகில் நாலு தட்டுத் தட்டினார். பொலபொலவென்று கொட்டியது. ஒரு பிடி தூசி, ஒரு திருகாணி, இரண்டு பல்லிமுட்டை ஓடு, ஒரு பூந்தி.

மூவரும் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அந்த அண்டாவில் அதைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரமாயிற்று.

"இதுல எதுண்ணே விண்டோஸ்?"

"தூசிதான். பார்த்தாலே தெரியலையா, எவ்வளவு பழசுன்னு."

"அப்ப திருகாணி?"

"அது திலகவதியோட சர்டிபிகேட்டா இருக்கும். கனமா இருக்கு பாரு."

பூந்தி போன தீபாவளிக்குச் செய்தது, வீட்டுச் சொத்து என்று ஏகாம்பரம் அடையாளம் சொன்னார். அப்பா சொன்னபடி அதை மூன்றாகப் பிரித்துத் தின்றார்கள். மீதியின் மேல் ஒரு பெரிய தாம்பாளத்தைப் போட்டு மூடி, எறும்பு ஏறாமல் அண்டாவைச் சுற்றி மஞ்சள்பொடி தூவினார்கள். தங்கையின் பொருள் பத்திரமாக இருக்கிறது என்ற நிறைவு மூவர் முகத்திலும் இருந்தது. அடுத்து கழுவுவதற்கு இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நல்லவேளையாக, தூசி மட்டும் இருந்த பாத்திரத்தைத் துடைத்தாலே போதும் என்று கடையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி பிழைத்தது அந்த வழக்கத்தால்தானே தவிர, யாருடைய அறிவாலும் இல்லை.

ஒயர்களை மாட்டினார்கள். எந்த ஒயர் எந்த ஓட்டையில் போகிறதோ அந்த ஓட்டைதான் அதற்குரியது என்று நம்பி மாட்டியதில், எப்படியோ எல்லாம் சரியாக அமைந்துவிட்டது. முட்டாள்களுக்கு உலகம் இப்படித்தான் அவ்வப்போது கைகொடுத்து, அவர்களை இன்னும் ஆழமான இடத்துக்குக் கூட்டிப் போகிறது. சாம்பார்க் கரண்டியின் காம்பால் பொத்தானை அமுக்கினார் தாண்டவராயன்.

லினக்ஸ் எழுந்தது. சொன்ன மாதிரியே சுறுசுறுப்பாக எழுந்தது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. தமிழ் என்று காட்டினார்கள். சுட்டியை ஏகாம்பரம் தோசைத்திருப்பியால் தள்ள, பொத்தானைச் சகாயம் ஜல்லிக்கரண்டியால் அமுக்க, எங்கே தள்ளுவது என்று தாண்டவராயன் சொல்ல, வேலை சமமாகப் பிரிந்தது.

பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவட்டுமா, அழித்தால் திரும்பக் கிடைக்காது என்று எச்சரிக்கை வந்தது. மூவரும் சிரித்துவிட்டார்கள். நாம்தான் முன்கூட்டியே அண்டாவில் எடுத்து வைத்துவிட்டோமே, பாவம், இதற்குத் தெரியாது என்றார் சகாயம். அழி என்று அமுக்கினார்கள். திலகவதியின் ஏழெட்டு வருஷக் கணக்குகளும் சான்றிதழ்ப் படங்களும் அந்தச் சிரிப்புச் சத்தத்தில் போய்ச் சேர்ந்தன.

அடுத்து ஓர் உலகப்படம் வந்தது. கடிகார நேரம் வைப்பதற்காக நீங்கள் இருக்குமிடம் என்று கேட்டு, இந்தியாவின் மேல் ஒரு புள்ளி வைத்து, இந்தியா முழுவதற்கும் போடுகிற ஒரே பெயரை அதுவே பதிலாக எழுதிக்கொண்டது. கொல்கத்தா.

மூவரும் திரைக்கு அருகே குனிந்து இன்னொரு முறை படித்தார்கள்.

"அண்ணே, நாம வேலங்குறிச்சியிலதான இருக்கோம்?"

"இருந்தோம். காலையில."

ஏகாம்பரம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மேலவீதி மாதிரிதான் இருக்கிறது, ஆனால் கொல்கத்தாவை நான் பார்த்ததில்லை, அதுவும் இதே மாதிரி இருந்தால் எப்படித் தெரியும் என்றார். இவ்வளவு படித்த மெஷின் பொய் சொல்லுமா என்றார் தாண்டவராயன். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர்கள் கொல்கத்தாவில் இருப்பதாக முடிவாயிற்று. எதிர்த்து ஓட்டுப் போட்ட சகாயம் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள டீக்கடை வரை போய் மூன்று டீ வாங்கி வந்தார். வரும்போது அவருடைய முகம் மாறியிருந்தது.

"நீங்க சொன்னதுதாண்ணே சரி. கொல்கத்தாதான். ஆனா ஒண்ணு, ஜனங்க எவ்வளவு அழகாத் தமிழ் பேசுறாங்க."

அதன்பின் பெயர் கேட்டது. திலகவதி என்று கரண்டிக்காம்பால் ஆங்கிலத்தில் குத்தி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. அதற்குக் கீழே கடவுச்சொல் கேட்டது. அங்கேதான் மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்த விஷயம் அவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் கணக்கு வைத்திருக்கும் பேங்கில், சுவரில் பெரிதாக எழுதியிருக்கும்: உங்கள் ரகசிய எண் யாருக்கும் தெரியக் கூடாது. அந்தக் கட்டளையை அவர்கள் மீறியதே இல்லை. ஏடிஎம் அட்டையோடு ரகசிய எண் வந்த உறையை இன்றுவரை பிரிக்கவில்லை. பிரித்தால் மூன்று பேருக்குத் தெரிந்துவிடும்.

"ஆளுக்கொரு பங்கு போட்டா என்ன? எனக்கு என் பங்கு மட்டும்தான் தெரியும், உனக்கு உன் பங்கு" என்றார் சகாயம்.

"அப்பவும் என் பங்கு எனக்குத் தெரியுமேடா" என்றார் தாண்டவராயன்.

"தெரிஞ்சா என்னண்ணே?"

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னு போட்டிருக்கான். நான் யாருமில்லையா? அப்பா எனக்குப் பேரெல்லாம் வச்சிருக்காரே."

இந்த வாதமும் ஒருமனதாக ஏற்கப்பட்டது. ஆகவே கீபோர்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள். மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். ஆளுக்கொரு கரண்டியின் அகன்ற பக்கத்தைத் துண்டின் மேல் எங்கேயோ வைத்து, மூத்தவர், நடுவில் உள்ளவர், இளையவர் என்று வரிசையாக அமுக்கினார்கள். அதே சொல்லை மறுபடியும் உள்ளிடவும் என்றது லினக்ஸ். இது பெரிய சோதனைதான். ஆனால் கரண்டியைத் தூக்காமல் வைத்த இடத்திலேயே வைத்திருந்து அதே வரிசையில் அமுக்கினால் அதே சொல் வரும் என்று ஏகாம்பரத்துக்குத் தோன்றியது. அவர் வாழ்நாளில் தோன்றிய ஒரே நல்ல யோசனை, தோன்றியிருக்கவே வேண்டாம். இரண்டு தடவை பொருந்தவில்லை. மூன்றாவது தடவை பொருந்திவிட்டது. உடனே கரண்டிகளைத் தூக்கி, துண்டை உதறினார்கள். அந்தச் சொல் உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் தெரியாமல் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

தயவுசெய்து காத்திருக்கவும் என்றது திரை. காத்திருந்தார்கள். வாசலில் ஒருவர் வளைகாப்புக்கு இட்லிக் கொப்பரை கேட்டு வந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே மூவரும் கையில் கரண்டியோடு சிலை மாதிரி உட்கார்ந்திருப்பதைக் கண்டு, வேறு கடைக்குப் போனார்.

எல்லாம் முடிந்தது. பென்டிரைவை எடுத்துவிடலாம் என்று லினக்ஸே சொன்னது. பிடிதுணியால் பிடுங்கினார் சகாயம். உள்ளே இருந்த லினக்ஸ் முழுவதும் பெட்டிக்குள் கொட்டியாகிவிட்டது. ஆகவே இது காலிப் பாத்திரம். காலிப் பாத்திரத்தை அழுக்கோடு வைப்பது தொழிலுக்கு அவமானம். புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசி, முற்றத்தில் கவிழ்த்துக் காயவைத்தார்கள். பளபளவென்று இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் திலகவதி வந்தாள். கொல்கத்தாவுக்கு இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தாய் என்று தாண்டவராயன் ஆச்சரியப்பட்டார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த வீட்டில் பலவற்றைக் காதில் வாங்காமல் இருப்பதற்கு அவளுக்குப் பயிற்சி உண்டு. ஆனால் கூடத்தில் அண்டாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு திரையைப் பார்த்தாள். திலகவதி என்று எழுதி, கீழே ஒரு வெற்றுக் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது.

"பெரியண்ணே, லினக்ஸ் போட்டுட்டீங்களா?"

"ஆமாம்மா. கையே வைக்கல."

"என் ஃபைலெல்லாம்?"

மூவரும் சேர்ந்து தாம்பாளத்தைத் தூக்கினார்கள். அவள் அண்டாவுக்குள் குனிந்து பார்த்தாள். திருகாணியை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளேயே போட்டாள். ஒன்றுகூடக் குறையாது, எண்ணிப் பார்த்துக்கோ என்றார் ஏகாம்பரம்; பூந்தி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

"பாஸ்வேர்டு என்ன போட்டீங்க?"

"யாருக்கும் தெரியாது" என்றார் சகாயம், பெருமையாக.

"போட்டது நீங்கதானே, சின்னண்ணே."

"போட்டது நாங்கதான். ஆனா கண்ணை மூடிட்டில்ல போட்டோம்."

பென்டிரைவ் எங்கே என்று அவள் கேட்டாள். முற்றத்தைக் காட்டினார்கள். அது கடைசி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

திலகவதி அழவில்லை. அங்கே அழுதால் மற்ற மூவரும் சமமாக அழ ஆரம்பிப்பார்கள், ராத்திரிச் சாப்பாடு தள்ளிப்போகும். "இனிமே உங்க ஆயுசுக்கும் இந்தப் பெட்டியில கை வைக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். இந்த முறையும் மூவரும் தலையாட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை அவளைக் காணவில்லை. நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, சான்றிதழ்களின் மூலப்படிகளைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் கேட்கப் போயிருந்தாள். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் கூடவே வருவார்கள்.

அண்ணன்களோ அன்று கடை ஷட்டரைத் தூக்கவே இல்லை. பத்து மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து அதிகாரிகள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருகிறார்கள். வருகிற நேரத்தில் பெண் இல்லை. குடும்ப மானம் என்ன ஆவது? மூவரும் குளித்தார்கள். திருநீறு பூசினார்கள். முன்னொரு காலத்தில் பெண் பார்க்கப் போவதற்காகத் தைத்த வெள்ளைச் சட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். திரைக்கு முன்னால் ஒரு டம்ளர் காபியும் இரண்டு பஜ்ஜியும் வைத்தார்கள். கரண்டிகளைத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குச் சரியாகப் பெட்டியை முடுக்கினார்கள்.

திரையில் திலகவதி என்று வந்தது.

"வந்த உடனே பேர் சொல்லிக் கூப்பிடுறாரு பாரு" என்றார் சகாயம் மெதுவாக.

"கூப்பிட்டுட்டு எப்படிப் பேசாமக் காத்திருக்காரு. பெரிய மனுஷன்."

தாண்டவராயன் தொண்டையைச் செருமிக்கொண்டு, திலகவதி வெளியே போயிருக்கிறாள், நாங்கள் அவள் அண்ணன்மார், எங்களிடம் கேட்கலாம் என்று கரண்டிக்காம்பால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். ஓர் எழுத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு கட்டத்தில் விழுந்தது. கடையில் வெளியே போகிற பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் சுவரில் சுண்ணாம்புப் பொட்டு வைப்பவர்கள் இவர்கள். அதிகாரி கணக்கில் கெட்டி என்று புரிந்துகொண்டார்கள். குத்தி முடித்து அனுப்பினார்கள். பதில் வந்தது.

மன்னிக்கவும், அது சரிவரவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்.

"தப்புன்னு சொல்றதுக்குக்கூட மன்னிப்புக் கேக்குறாரு. நம்ம ஊர்ல எவனாவது கேப்பானா?" என்றார் ஏகாம்பரம்.

மறுபடி முயன்றார்கள். அவளுக்குக் கூட்டல் கழித்தல் எல்லாம் அத்துப்படி என்று குத்தினார்கள். மன்னிக்கவும் என்றார் அதிகாரி. ஒருவேளை புகழ்ச்சி பிடிக்காது போலிருக்கிறது என்று, அவளுக்குக் கோபம் வரும், காலையில் எழுப்பினால் பேசமாட்டாள் என்று உண்மையையும் சொல்லிப் பார்த்தார்கள். மன்னிக்கவும். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று சகாயம் தன் பங்குக்கு ஒரு சலுகை கொடுத்தார். அதுவும் சரிவரவில்லை. காபி ஆறி ஆடை படிந்தது. அதை எடுத்து மூன்றாகப் பகிர்ந்து குடித்துவிட்டு வேறு காபி வைத்தார்கள். அதன் பிறகும் பதில் மாறவில்லை.

நண்பகல் தாண்டியதும் தாண்டவராயனுக்குப் பொறுமை போயிற்று. எங்கள் வீட்டுப் பெண் உங்கள் ஆலையை நம்பிப் பிறக்கவில்லை என்று அவர் குத்தினார். அதற்கும் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். அதோடு விஷயம் முடிந்தது என்று பெட்டியை அணைத்தார்கள்.

சற்று நேரத்தில் திலகவதி வந்தாள். கையில் ஒரு பொட்டலம் ஜிலேபி. மூன்று அண்ணன்களும் வெள்ளைச் சட்டையில், துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"வேலை கிடைச்சிடுச்சு. ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொல்லிட்டாங்க" என்றாள்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாண்டவராயன் எழுந்து வந்து அவளுடைய தலையில் கை வைத்தார்.

"உக்காரும்மா. மனசைத் தைரியமா வச்சுக்க. உனக்கு வேலை கிடைக்கல."

அவள் ஜெராக்ஸ் கடையைப் பற்றிச் சொன்னாள். கணக்குப் போட்டுக் காட்டியதைச் சொன்னாள். போனில் வந்த நியமனக் கடிதத்தையும் காட்டினாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு தங்கள் நேர்காணலை விவரமாகச் சொன்னார்கள். இரண்டு நேர்காணல் நடந்திருக்கிறது, ஒன்றில் கிடைத்திருக்கிறது, ஒன்றில் கிடைக்கவில்லை, எது செல்லும் என்று விவாதம் வந்தது. ஜெராக்ஸ் கடை ஊருக்குப் பொது, வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் நல்ல வார்த்தை சொல்வார்கள், ஆனால் வீடு தேடி வந்தவர் சொன்னதுதானே உண்மை என்றார் ஏகாம்பரம். நியாயம் கெடக் கூடாது என்பதற்காக, இந்த ஒருமுறை திலகவதிக்கும் ஓட்டுரிமை கொடுத்தார்கள்.

மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில், அவளுக்கு வேலை கிடைக்கவில்லை என்று தீர்மானம் நிறைவேறியது.

திலகவதி வாதாடவில்லை. ஜிலேபியை மூன்று பங்காக வைத்துவிட்டுப் பெட்டி அடுக்கப் போனாள். மாதக் கடைசியில் மூவரும் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, ஒரே பெட்டியை மூன்று பேராகத் தூக்கி மேலே போட்டு, வேலையும் இல்லாமல் அவ்வளவு தூரம் போகிறாளே என்று கண்கலங்க வழியனுப்பினார்கள். அவள் ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். பஸ் கிளம்பும்வரை அவள் முகத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை என்பதைக் கண்டு, துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டு திரும்பினார்கள்.

மறுநாளிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு மூவரும் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கரண்டியோடு பெட்டிக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தார்கள். அதிகாரி கதவைச் சாத்திவிடவில்லையே. மீண்டும் முயற்சிக்கவும் என்றுதானே சொல்கிறார்.

ஒரு நாள் அவர்கள் அப்படி உட்கார்ந்திருந்த நேரத்தில் போன் வந்தது. கோயம்புத்தூரில் தன் அலுவலக மேஜையிலிருந்து திலகவதிதான் பேசினாள். சம்பளம் உயர்த்தியிருக்கிறார்கள், மேஜைக்குப் புதுக் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்கள், ஒருமுறை மூவரும் வந்து பார்த்துவிட்டுப் போகலாமே என்றாள்.

தாண்டவராயன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தினார்.

"திலகவதி, சத்தமாப் பேசாதே. வேலை கிடைக்காத பொண்ணு இங்க என்ன பண்ணுதுன்னு யாராவது கேட்டுடப் போறாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் கவனிக்கல போலிருக்கு. கம்ப்யூட்டரை அவங்களுக்கே கழுவிக் கவுத்து வச்சுட்டு, மெதுவா எழுந்து வெளிய வந்துடும்மா."